வாங்குவோர் விரும்பிப் படிக்கும் விற்பனை மடல்

நெல்லும் மரக்கறியும் விளைவிக்கும் கமக்காரருக்கான குறிப்புகள்

முன்னுரை

பெரகலச் சந்தியில் இரு பெருவீதிகள் கூடுகின்றன. கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக வரும் வீதி அங்கிருந்து கொஸ்லந்தை, வெல்லவாய ஊடாக மட்டக்களப்பை நோக்கிச் செல்லும். மற்றையது ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலிஎலையை அடையும். ஊவா மலைச்சரிவுகளில் விளையும் கோவா, லீக்ஸ், கரட், போஞ்சி, தக்காளி ஆகியன இவ்வீதிகளின் வழியே லொறிகளில் வெளியூர் செல்கின்றன. எனவே விளைபொருளை அனுப்புதற்கு வழி இல்லை எனக் கூறுதற்கில்லை.

ஆயினும், பயிரைப் பறித்து மூடையில் கட்டிய பின்னரே வாங்குவோரைத் தேடும் வழக்கம் கமக்காரர் பலரிடம் இன்றும் உண்டு. பறித்த போஞ்சி இரண்டொரு நாளில் வாடிவிடும். பழுத்த தக்காளி அதற்கு முன்னரே நசியத் தொடங்கும். காத்திருக்க இயலாத பொருளைக் கையில் வைத்திருப்பவரிடம் வாங்குவோர் சொல்லும் விலையே விலையாகிறது. அறுவடைக்கும் உண்போருக்கும் இடையில் மரக்கறிகளுள் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை வீணாவதாக இலங்கையில் செய்யப்பட்ட மதிப்பீடுகள் கூறுகின்றன. ஒரு போகம் முழுவதும் பட்ட பாட்டின் பெரும்பகுதி இவ்வாறு இழக்கப்படுவது மிகுந்த நட்டமாகும்.

இந்நட்டத்தைக் குறைக்கும் வழிகளுள் செலவு மிகக் குறைந்த ஒன்று, அறுவடைக்கு முன்னதாகவே வாங்குவோருக்கு எழுதுதல் ஆகும். கைத்தொலைபேசிக் குறுஞ்செய்தி, வாட்சாப், மின்னஞ்சல் ஆகியன இன்று பெரும்பாலான கிராமங்களிலும் தோட்டங்களிலும் கிடைக்கின்றன. எழுதும் கருவி கைக்கு எட்டியுள்ளது. எழுதியதைப் பெறுபவர் படிக்குமாறு எழுதும் முறையே கற்றற்குரியது. அம்முறையை இப்பிரசுரம் விளக்குகிறது.

மடல் படிக்கப்படாமைக்குக் காரணம்

மொத்த வியாபாரி ஒருவருக்கும், எல்ல அல்லது பண்டாரவளையில் விடுதி நடத்துபவர் ஒருவருக்கும் நாள்தோறும் பல செய்திகள் வருகின்றன. அவற்றுள் தமக்கு வேண்டியதை மட்டும் படித்து ஏனையவற்றை அவர் நீக்கிவிடுவார். "மலைநாட்டின் தலைசிறந்த, ஒப்பற்ற, புத்தம் புதிய மரக்கறிகள்! இன்றே வாங்கிப் பயன்பெறுவீர்!" என்னும் செய்தியை எடுத்துக்கொள்வோமாயின், அதில் எந்த மரக்கறி, எவ்வளவு, எந்நாளில், எவ்விடத்தில் என்பன ஒன்றும் இல்லை. படித்தவர் அதனைக்கொண்டு எதனையும் முடிவு செய்ய இயலாது. இத்தகைய செய்தி மூன்று முறை வந்தால், நான்காம் முறை வருவது நல்ல செய்தியாயினும் திறக்கப்படமாட்டாது.

ஆகவே, வாங்குபவர் தம் தொழிலை நடத்துதற்கு உதவும் மடலே படிக்கப்படும் என்பது முதல் விதியாகும். விற்பவரின் ஆவலைக் காட்டிலும் வாங்குபவரின் தேவையே மடலில் முதலிடம் பெறுதல் வேண்டும்.

முன்னோர் கண்ட அனுபவம்

இவ்விதி புதியதன்று. பெரகலவுக்கு மேலேயுள்ள ஹப்புத்தளை மலைகளிலேயே இதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடைகள் நடத்திய தோமஸ் லிப்டன் என்பவர் 1890ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, தம்பேதன்ன உள்ளிட்ட தேயிலைத் தோட்டங்களை வாங்கினார். அக்காலத்தில் பிரித்தானியக் கடைகளில் தேயிலை பெரும்பாலும் பெட்டியிலிருந்து அள்ளி நிறுத்து விற்கப்பட்டது. அது எங்கு விளைந்தது, எத்தரத்தது என்பதை வாங்குபவர் அறிய வழி அரிது. லிப்டன் நிறை குறிக்கப்பட்ட சிறு பொதிகளில் தேயிலையை அடைத்து, தேயிலைத் தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கேத்தலுக்கு என்னும் பொருள்பட ஒரே வாசகத்தை எங்கும் விளம்பரம் செய்தார். எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நிறை, இடைத்தரகர் எத்தனை பேர் என்னும் மூன்று ஐயங்களுக்கு அப்பொதியும் வாசகமும் விடை கூறின. அத்தேயிலையைக் கொய்து உருவாக்கிய உழைப்பு தோட்டத் தொழிலாளருடையது. அதனை உலகறியச் செய்தது தெளிவான சில சொற்களேயாகும்.

அமெரிக்காவில் கலப்பை செய்து விற்ற ஜோன் டியர் நிறுவனம் 1895ஆம் ஆண்டில் 'த ஃபரோ', அதாவது 'உழவுசால்', என்னும் பெயரில் கமக்காரருக்கான ஓர் இதழைத் தொடங்கியது. தன் கலப்பையைப் புகழ்வதை விடுத்து, மண்ணைப் பேணுதல், பயிரிடுதல், பண்ணையை நடத்துதல் ஆகியவற்றை அவ்விதழ் முதன்மையாக எடுத்துரைத்தது. நூற்றாண்டு கடந்த பின்னரும் அது வெளிவருகிறது. படிப்பவருக்குப் பயன்தரும் மடல், அதனை அனுப்பியவரின் பெயரையும் நினைவில் நிறுத்தும் என்பதற்கு இது சான்றாகும்.

நம் நாட்டில், 1972ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு இன்று ஹெக்டர் கொப்பேகடுவவின் பெயரைத் தாங்கும் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனம் உணவுப் பொருள்களின் விலைகளை வாராந்த அறிக்கையாக வெளியிடுகிறது. அதில் அலங்காரச் சொற்கள் இல்லை. ஒரே ஒழுங்கில் அமைந்த பட்டியலும், விலை ஏறியதா இறங்கியதா என்னும் ஒப்பீடும் உள்ளன. தேடும் எண் எவ்விடத்தில் இருக்கும் என்பது படிப்பவருக்கு முன்னரே தெரியும். தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தின் விலைகளைக் கைத்தொலைபேசிக்கு அறிவிக்கும் சேவையொன்று 2009இல் தொடங்கப்பட்டபோது, கமக்காரர் தாம் விரும்பிய பயிரின் விலையை மட்டும் கேட்டுப் பெறக்கூடியதாயிருந்தது. வேண்டியவருக்கு வேண்டியதை மட்டும் அனுப்புதல் என்னும் முறை இதுவேயாகும்.

யாருக்கு எழுதுதல் வேண்டும்

முதலில், வாங்கக்கூடியவரின் பட்டியல் ஒன்றைத் தயாரித்தல் வேண்டும். மொத்த வியாபாரிகள், கெப்பெட்டிப்பொல பொருளாதார மத்திய நிலையத்தில் கடை வைத்திருப்போர், நகரச் சில்லறைக் கடைகள், உணவகங்கள், விடுதிகள், அரிசி வாங்கும் குடும்பங்கள் எனப் பிரித்து எழுதுதல் நன்று. மொத்த வியாபாரிக்கு 600 கிலோ கோவாவும், விடுதிக்கு 8 கிலோவும் வேண்டியிருக்கும். இருவருக்கும் ஒரே மடலை அனுப்பினால் ஒருவருக்கேனும் அது பொருந்தாது போகும்.

இரண்டாவதாக, ஒவ்வொருவரிடமும் நேரிலோ தொலைபேசியிலோ சம்மதம் கேட்டல் வேண்டும். "அறுவடைச் செய்தியை வாரம் ஒருமுறை அனுப்பலாமா? எந்தப் பயிர்களைப் பற்றி அறிவித்தல் வேண்டும்?" என்னும் இரு கேள்விகள் போதும். 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், அமெரிக்கக் கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் ஏறத்தாழ 400 பேருக்கு அவர்கள் கேளாமலேயே ஒரு மின்மடலை அனுப்பினார். உலகில் பலருக்கும் ஒருங்கே அனுப்பப்பட்ட முதல் விற்பனை மின்மடலாகக் கருதப்படும் அதற்கு உடனே கண்டனம் எழுந்தது. கேளாது வரும் மடலைப் பற்றிய வெறுப்பு அன்றே தொடங்கிற்று. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விற்பனைச் செய்திகளைப் பெறுபவரின் சம்மதத்துடன் அனுப்புதலையும், வேண்டாதவர் செலவின்றி விலகிக்கொள்ள வழி காட்டுதலையும் வகுத்துரைத்துள்ளது.

மின்னஞ்சலைப் பலருக்கு அனுப்பும்போது, ஒருவரின் முகவரி மற்றவருக்குத் தெரியாதவாறு மறைத்து அனுப்புதல் வேண்டும். வாட்சாப் குழுவில் எல்லோருடைய எண்களும் எல்லோருக்கும் தெரியும். போட்டி வியாபாரிகளை ஒரே குழுவில் சேர்ப்பது மனத்தாங்கலை விளைவிக்கும். அதற்கு மாறாக, ஒலிபரப்புப் பட்டியல் முறையில் அனுப்பினால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சென்றடையும். ஆனால் கமக்காரரின் எண்ணைத் தம் தொலைபேசியில் பதிந்துவைத்தவருக்கே அது கிடைக்கும். ஆதலால் சம்மதம் கேட்கும்போதே எண்ணைப் பதிந்துகொள்ளுமாறும் கேட்டல் நன்று.

முதல் வரி

தொலைபேசித் திரையில் முதலில் தெரிவது தலைப்பும் முதல் வரியுமேயாகும். பெறுபவர் மடலைத் திறப்பதும் விடுப்பதும் அவ்வரியைப் பொறுத்தது. எனவே பயிர், அளவு, நாள், இடம் ஆகிய நான்கையும் முதல் வரியிலேயே எழுதுதல் வேண்டும். நலம் விசாரித்தலை அதன் பின்னர் ஒரு சொல்லில் அமைத்துக்கொள்ளலாம். "முக்கிய அறிவித்தல்", "அரிய வாய்ப்பு" என்னும் தலைப்புகள் பெறுபவருக்கு எதனையும் அறிவியா.

மடலின் உள்ளே இருத்தற்குரியவை

1. அளவு: கிடைக்கும் எனத் திடமாக நம்பும் அளவையே எழுதுதல் வேண்டும். 600 கிலோ என எழுதி 400 கிலோ கொடுத்தால் வியாபாரியின் லொறி மூன்றில் ஒரு பங்கு வெறுமையாய்த் திரும்பும். ஐயமிருப்பின் குறைத்தே எழுதுக.

2. தரம்: கோவா ஒன்றின் நிறை, கரட்டின் பருமன், தக்காளியின் நிறம் ஆகியவற்றை அளவாகக் கூறுதல் வேண்டும். "நல்ல தரம்" என்பது அளவாகாது. படம் அனுப்பின், அன்று எடுத்த படமாக, அளவு விளங்கும்படி தராசில் வைத்து எடுத்ததாக இருத்தல் நன்று.

3. குறை: புழுக்கடியோ மழைச்சேதமோ இருப்பின் அதனை மடலிலேயே கூறுதல் வேண்டும். லொறியை அவிழ்க்கும்போது வியாபாரி காணும் குறை நம்பிக்கையைக் கெடுக்கும். முன்னரே அறிந்த குறை விலையை மட்டுமே சிறிது குறைக்கும்.

4. பூச்சிநாசினி: இறுதியாகத் தெளித்த நாளைக் குறிப்பிடுதல் வேண்டும். தெளித்தற்கும் பறித்தற்கும் இடையே விடவேண்டிய நாட்கள் மருந்துப் போத்தலின் சுட்டியில் குறிக்கப்பட்டிருக்கும். அதனைக் கைக்கொண்டவர் அதனை எழுதவும் துணிவார். விடுதிகளும் குடும்பங்களும் இவ்வரியைத் தேடிப் படிக்கின்றன.

5. விலை: தோட்டத்தில் ஏற்றும் விலையா, கொண்டுவந்து கொடுக்கும் விலையா என்பதும், அவ்விலை எந்நாள் எந்நேரம் வரை செல்லும் என்பதும் விளங்க வேண்டும்.

6. பதில்: பெறுபவர் என்ன செய்தல் வேண்டும் என்பதை ஒரே வரியில் கூறுக. மூன்று வேண்டுகோள் உள்ள மடலுக்குப் பதில் வருவது அரிது.

மாதிரி மடல்

கோவா 600 கிலோ, போஞ்சி 150 கிலோ – வியாழன் காலை 6 மணி – பெரகலச் சந்தி

ஐயா, வணக்கம்.

கோவா: 600 கிலோ. ஒவ்வொன்றும் 1 முதல் 1½ கிலோ வரை. மருந்து தெளித்து 18 நாட்களாகின்றன. சிலவற்றின் வெளியிலையில் புழுக்கடி உண்டு, உட்புறம் சுத்தமானது.

போஞ்சி: 150 கிலோ. புதன் மாலை பறிக்கப்படும். பூத்த பின்னர் மருந்து தெளிக்கப்படவில்லை.

பெரகலச் சந்தியில் ஏற்றும் விலை: கோவா கிலோ ரூபா ....; போஞ்சி கிலோ ரூபா ..... இவ்விலை புதன் நண்பகல் வரை.

வேண்டிய அளவைப் புதன் நண்பகலுக்கு முன் அறிவிக்கவும்.

இச்செய்தி இனி வேண்டாவிடின் "வேண்டாம்" என எழுதினாற் போதும்.

இங்ஙனம்,
(பெயர், ஊர், தொலைபேசி எண்)

இம்மடலைப் படித்து முடிக்க ஒரு நிமிடமும் செல்லாது. ஒவ்வொரு வாரமும் இதே ஒழுங்கில் எழுதினால், வியாபாரியின் கண் தானே உரிய இடத்துக்குச் செல்லும். ஒழுங்கை அடிக்கடி மாற்றுதல் கூடாது.

எப்போது எழுதுதல் வேண்டும்

மடலின் கால அட்டவணை பயிரைப் பொறுத்தது. கோவா முற்றிய பின்னரும் சில நாட்கள் வயலில் நிற்கும். ஆதலால் நடும்போது ஒருமுறையும், அறுவடைக்கு இரண்டு வாரம் முன்னர் ஒருமுறையும், அறுவடை வாரத்தில் ஒருமுறையும் எழுதினால் போதும். போஞ்சியைச் சில நாட்களுக்கு ஒருமுறை பறித்துக்கொண்டே இருத்தல் வேண்டும்; பறிக்கத் தவறினால் காய் முற்றி நார் ஏறிவிடும். எனவே பறிப்புக் காலத்தில் வாரம் இருமுறை சிறு செய்தி அனுப்புதல் தகும். நெல் விளைவிப்போர் பெரும்போக அறுவடைக்கு ஒரு மாதம் முன்னதாகவே, எந்த இன நெல், எவ்வளவு, நெல்லாகவா அரிசியாகவா என்பதை எழுதலாம். வெலிமடைப் பகுதியில் பெரும்போகத்தில் நெல்லும், சிறுபோகத்தில் அதே வயலில் உருளைக்கிழங்கும் மரக்கறியும் செய்வோர், அடுத்து வரும் பயிரை நெல் மடலிலேயே அறிவித்தல் நன்று.

குறித்த நாளில் குறித்த நேரத்தில் அனுப்புதல் இன்றியமையாதது. திங்கள் மாலை வருவதெனின் எல்லாத் திங்களும் மாலையில் வருதல் வேண்டும். விற்க ஒன்றும் இல்லாத வாரத்தில், "இவ்வாரம் அறுவடை இல்லை, அடுத்த வாரம் லீக்ஸ் வரும்" என்னும் ஒரு வரி போதும்.

தீய செய்தியையும் எழுதுதல்

வடகீழ்ப் பருவ மழையின்போது இம்மலைவீதிகளில் மண்சரிவு ஏற்படுவதுண்டு. கடுமழையால் பயிர் அழுகுவதும் உண்டு. சொன்ன அளவைக் கொடுக்க இயலாது எனத் தெரிந்த அந்நேரமே அதனை அறிவித்தல் வேண்டும். காலையில் அறிந்த வியாபாரி வேறிடத்தில் பொருள் தேடிக்கொள்வார்; சந்தியில் லொறியுடன் காத்திருந்து அறிந்தவர் மறுமுறை வரமாட்டார். தீய செய்தியைக் காலத்தில் எழுதுபவரின் நற்செய்தியே நம்பப்படும்.

மாத மடல்

கமக்காரர் அமைப்புகள் தம் உறுப்பினர் அனைவரின் விளைபொருளையும் சேர்த்து மாதம் ஒரு மடல் வெளியிடலாம். ஒரு பக்கத்தை மிஞ்சாதிருத்தல் நன்று. வயலில் நிற்கும் பயிர்கள், வரும் மாதத்தில் அறுவடையாகும் அளவு, வாங்குவோருக்குப் பயன்படும் ஒரு குறிப்பு, தொடர்புகொள்ள வேண்டியவர் என நான்கு பகுதிகள் போதும்.

பயன்படும் குறிப்பே மடலைத் தேடிப் படிக்கச் செய்யும். எடுத்துக்காட்டாக, உருளைக்கிழங்கை வெளிச்சம் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்தல் வேண்டும் எனவும், வெளிச்சம் பட்டுப் பச்சை நிறமடைந்த கிழங்கில் நச்சுப்பொருள் மிகுவதால் அது உண்ணத்தகாது எனவும் எழுதலாம். கரட்டின் இலையை வெட்டி நீக்கி வைத்தால் அது விரைவில் வாடாது என்பதும், நன்கு பழுக்காத தக்காளியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தலாகாது என்பதும் கடைக்காரருக்கும் குடும்பத்தினருக்கும் ஒருங்கே உதவும். இவ்வாறான குறிப்புகளை விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டுப் பெறலாம்.

மொழியும் எழுத்தறிவும்

ஊவாவில் வாங்குவோருள் சிங்களம் பேசுவோரும் தமிழ் பேசுவோரும் உளர். பட்டியல் வடிவிலான மடலை இரு மொழிகளிலும் எழுதுதல் எளிது; பயிரின் பெயர்களும் கிழமைகளின் பெயர்களுமே மாறும். மொழியறிந்த ஒருவரிடம் ஒருமுறை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால், வாரந்தோறும் எண்களை மட்டும் மாற்றினாற் போதும். பெறுபவர் எந்த மொழியை விரும்புகிறார் என்பதையும் பட்டியலில் குறித்துக்கொள்க.

படிக்க இயலாதவருக்கு அதே செய்தியைக் குரலாகப் பதிந்து அனுப்பலாம். புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய கிராம அறிவுத் திட்டத்தின் கீழ், கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பு ஒலிபெருக்கி மூலம் மீனவருக்கு அறிவிக்கப்பட்டது. கடலுக்குச் செல்வதா விடுவதா என்பதை அச்செய்தியைக்கொண்டு முடிவு செய்ய முடிந்தமையால் அது கருத்தூன்றிக் கேட்கப்பட்டது. எழுத்தாயினும் குரலாயினும், முடிவெடுக்க உதவும் செய்தியே வரவேற்கப்படும்.

குறிப்பேடு

யாருக்கு அனுப்பியது, யார் பதில் எழுதினார், யார் வாங்கினார், எவ்வளவு வாங்கினார் என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் வேண்டும். மூன்று மாதம் பதில் எழுதாதவரிடம், தொடர்ந்து அனுப்பலாமா எனக் கேட்டு, வேண்டாம் என்பவரின் பெயரை நீக்குக. படிக்காத 100 பேரைக் காட்டிலும் படிக்கும் 12 பேர் மேலானவர். ஒரு போகத்தின் முடிவில் அக்குறிப்பேட்டைப் புரட்டினால், எந்தப் பயிரை எவ்வளவு கேட்டார்கள் என்பது விளங்கும். அடுத்த போகத்தில் எதனை எவ்வளவு நடுவது என்பதற்கு அதனைவிட நல்ல வழிகாட்டி வேறில்லை.

சுருக்கம்

1. சம்மதம் கேட்டு, வேண்டியவருக்கு மட்டும் எழுதுக.
2. பயிர், அளவு, நாள், இடம் ஆகியவற்றை முதல் வரியில் எழுதுக.
3. கொடுக்க இயன்ற அளவையும் உள்ள குறையையும் மறையாது கூறுக.
4. குறித்த நாளில், ஒரே ஒழுங்கில் அனுப்புக.
5. இயலாமையைக் காலத்தில் அறிவிக்குக.
6. மாத மடலில் வாங்குவோருக்குப் பயன்படும் ஒரு குறிப்பேனும் சேர்க்குக.
7. விலக விரும்புபவருக்கு எளிய வழி வைக்குக.
8. குறிப்பேடு எழுதி, அதனைக்கொண்டு அடுத்த போகத்தைத் திட்டமிடுக.

வரும் போகத்தில் இதனைத் தொடங்க விரும்பும் கமக்காரர், முதலில் ஐந்து வாங்குவோரின் பெயரையும் எண்ணையும் அவர்கள் விரும்பும் பயிரையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுதல் போதுமானது. மேலும் விளக்கம் வேண்டுவோர் தம் பிரதேச விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ அணுகலாம்.